தனியாளுக்கு மைக்ரோவேவ் சமையல்

மைக்ரோவேவ் அடுப்பு தரும் ஆற்றலுக்கு ஒரு வரம்பு உண்டு. உள்ளே வைக்கும் உணவு கூடக்கூட அந்த ஆற்றல் பங்கிடப்படுவதால், வேகும் நேரமும் நீண்டுகொண்டே போகும். ஓர் உருளைக்கிழங்கை 5 நிமிடத்தில் வேகவைக்கும் அடுப்பு, நான்கு கிழங்குகளுக்கு அதைப்போல் மூன்று மடங்கு நேரம் கேட்கும். எனவே குடும்பத்துக்குச் சமைக்க கேஸ் அடுப்பே மேல். வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ தனியாக அறை எடுத்துத் தங்கி, இரவு எட்டு மணிக்குப் பசியோடு திரும்புபவருக்கே இந்தக் கருவி முழுப் பயன் தருகிறது. மே மாதத்துச் சென்னையில் அடுப்படி வெக்கையில் நிற்க வேண்டியதில்லை என்பதும் சிறிய லாபமன்று.

முதலில் பாத்திரம். எவர்சில்வர் கிண்ணத்தையும் கரண்டியையும் உள்ளே வைக்கக் கூடாது. மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட கண்ணாடிக் கிண்ணம் ஒன்று, மூடியுடன், ஒன்றரை லிட்டர் அளவில் இருந்தால் போதும். கீழே தரும் நேரங்கள் 800 வாட் அடுப்புக்கு உரியவை. 700 வாட் என்றால் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ரவா உப்புமாவில் தொடங்கலாம். கிண்ணத்தில் 2 தேக்கரண்டி எண்ணெய், கால் தேக்கரண்டி கடுகு, அரை தேக்கரண்டி உளுத்தம்பருப்பு இட்டு, தெறிக்காதபடி மூடி, 2 நிமிடம் வையுங்கள். நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை சேர்த்து இன்னும் 2 நிமிடம். வெங்காயம் மென்மையாகும், ஆனால் சிவக்காது. ஈரமுள்ள பண்டம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறுவது அரிது என்பதால், முறுவலான வதக்கலை இந்த அடுப்பிடம் எதிர்பார்ப்பது வீண். பிறகு அரை கப் வறுத்த ரவை, ஒன்றேகால் கப் வெந்நீர், உப்பு ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கலந்து 2 நிமிடம் வைத்து, கிளறி, மேலும் 1 நிமிடம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உண்ணாமல் 2 நிமிடம் மூடியே வைத்திருங்கள். ஓரத்திலுள்ள சூடு நடுப்பகுதிக்குப் பரவ அந்த இடைவெளி தேவை. பலர் அவசரத்தில் விட்டுவிடும் படி இதுதான்.

உருளைக்கிழங்கைத் தோலோடு முள்கரண்டியால் ஏழெட்டு இடங்களில் குத்திய பின்னரே வைக்க வேண்டும், இல்லையேல் உள்ளே திரளும் நீராவி வெடிக்கும். இதே காரணத்தால் முட்டையை ஓட்டோடு வைப்பது ஆபத்து. அடித்த முட்டை இரண்டில் வெங்காயம், மிளகுத்தூள் கலந்து, 45 நொடிக்கு ஒருமுறை எடுத்துக் கிளறி, ஈரம் வற்றும்வரை வைத்தால் முட்டைப் பொடிமாஸ் தயார். எண்ணெய் தடவிய அப்பளத்துக்கு ஒரு நிமிடத்திற்குள் போதும். கருகத் தொடங்கினால் நொடியில் கருகும், ஆகவே அருகிலேயே நில்லுங்கள்.

துவரம்பருப்பை இதில் வேகவைக்க முயல்வது என் கருத்தில் வேண்டாத வேலை, குக்கரே விரைவு. சோறும் ஏறக்குறைய அப்படியே. குக்கரில் வடித்ததை ஆறியதும், ஒரு மணி நேரத்துக்குள், குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சென்னை வெப்பத்தில் வெளியே கிடந்த சோற்றில் கிருமிகள் உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடேற்றினாலும் அழியாமல் இருக்கக்கூடும். மறுநாள் ஒரு கப் சோற்றின் மேல் ஒரு மேசைக்கரண்டி நீர் தெளித்து, மூடி, ஆவி பறக்கும்வரை ஒன்றரை நிமிடம் சூடாக்கினால், வடித்த சோறுபோலவே உதிரியாக இருக்கும்.