வீட்டுக் காற்றுக்குழாய்களை எப்போது சுத்தம் செய்விக்க வேண்டும்?

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் ஃபர்னஸ் (காற்றைச் சூடாக்கிக் குழாய்கள் வழியாக அறைகளுக்கு அனுப்பும் உலை) உள்ள வீட்டில் குடியிருப்பவர்களுக்கு, டக்ட் (காற்றுக்குழாய்) சுத்தம் செய்து தருகிறோம், இந்த வாரம் மட்டும் குறைந்த விலை என்ற தொலைபேசி அழைப்பு புதிதல்ல. அழைப்பவர் உங்கள் வீட்டுக் குழாயின் உட்புறத்தை ஒருமுறைகூடப் பார்த்தவர் அல்லர். ஆகவே, சுத்தம் தேவையா என்பதை அவருடைய சொல்லை வைத்தோ நாட்காட்டியை வைத்தோ தீர்மானிக்காமல், நீங்களே கண்ணால் கண்டதை வைத்துத் தீர்மானிப்பதுதான் முறை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது: குழாய்களை வழக்கமாக, காலம் தவறாமல் சுத்தம் செய்விக்கும்படி அது பரிந்துரைக்கவில்லை, தேவை தென்படும்போது செய்தால் போதும் என்கிறது. கனடாவின் வீட்டு அடமான, வீடமைப்புக் கூட்டுத்தாபனமும், குழாய்களைச் சுத்தம் செய்வதால் வீட்டுக் காற்றின் தரம் பொதுவாக மாறுவதில்லை, வெப்பமூட்டும் செலவும் குறைவதில்லை என்றே தெரிவித்தது.

சோதனையைத் தொடங்குமுன், அறைகளில் குழாய் திறக்கும் துவாரங்களில் எது காற்றை அறைக்குள் தள்ளுகிறது, எது குழாய்க்குள் இழுக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். வெப்பநிலையை அமைக்கும் தெர்மோஸ்டாட்டில் ஃபர்னஸின் மின்விசிறியை மட்டும் தொடர்ந்து ஓடவிட்டு, ஒரு மெல்லிய காகிதத்தைத் துவாரத்தின் முன் பிடித்தால், தள்ளும் துவாரத்தில் அது விலகி ஆடும். இழுக்கும் துவாரத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த வேறுபாடு முக்கியமானது. இழுக்கும் துவாரத்தின் கம்பிவலையில் தூசு படிவது இயல்பு. அறையின் தூசு கலந்த காற்று அந்த வழியாகத்தான் போகிறது. அதைக் காட்டி "உள்ளே எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்" என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டியதில்லை. வலையைக் கழற்றிக் கழுவினால் அந்தப் பிரச்சினை முடிந்தது.

தள்ளும் துவாரங்கள்தான் உண்மையைச் சொல்லும். தரையில் உள்ள மூடிகள் பெரும்பாலும் கையால் தூக்கினாலே வந்துவிடும். சுவரில் உள்ளவற்றுக்கு இரண்டு திருகாணிகளைக் கழற்ற வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியின் விளக்கை எரியவிட்டு, அதையே உள்ளே நீட்டிக் காணொளி எடுத்துப் பாருங்கள். மூடிக்கு நேர் கீழே விழுந்து கிடக்கும் பொருள்களும் (குழந்தைகள் உள்ள வீட்டில் விளையாட்டுச் சாமான் கிடைப்பது உறுதி) தகரத்தின் மேல் மெல்லிய சாம்பல் படலமும் கவலைக்குரியவை அல்ல. பிறகு ஒரு துவாரத்தின் மேல் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டி, மின்விசிறியை ஒரு நாள் ஓடவிடுங்கள். துணியில் கண்ணுக்குத் தெரியும் குப்பையோ துகளோ படிந்தால், குழாயில் உள்ளது அறைக்குள் வருகிறது என்று பொருள். சுத்தம் செய்விப்பதற்கு இது முதல் காரணம். புதிதாகக் கட்டிய வீட்டிலும், சுவரை இடித்துத் திருத்திய வீட்டிலும் இது நேர வாய்ப்பு அதிகம். வேலை நடந்தபோது துவாரங்களை மூடிவைக்காவிட்டால் மரத்தூளும் சுவர்ப்பூச்சுத் தூளும் குழாய்க்குள் போய்த் தங்கிவிடும்.

எலிப் புழுக்கை, கூடு, செத்த பூச்சிக் குவியல் ஆகியவை இரண்டாவது காரணம். ஆனால் முதலில் எலி வரும் வழியை அடைத்த பிறகே சுத்தம் செய்விக்க வேண்டும்.

மூன்றாவது காரணமான பூஞ்சணத்தில்தான் கூடுதல் நிதானம் தேவை. துவாரத்தைச் சுற்றிக் கருமை தெரிந்தாலே அது பூஞ்சணம் ஆகிவிடாது. தினமும் விளக்கேற்றி, சாம்பிராணி போடும் நம் வீடுகளில் அது வெறும் புகைக்கரியாகவும் இருக்கலாம். பூஞ்சணம்தான் என்று ஆய்வகச் சோதனையே உறுதிப்படுத்தும். உறுதியானால், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்: ஏசியின் குளிரூட்டும் சுருளின் கீழுள்ள தட்டில் நீர் தேங்குகிறதா, ஃபர்னஸில் பொருத்திய ஈரப்பதமூட்டி கசிகிறதா, நிலக்கீழ் அறையில் தண்ணீர் ஊறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஈரத்தை நிறுத்தாமல் குழாயை மட்டும் துடைத்தால் பூஞ்சணம் திரும்ப வரும். உட்புறத்தில் கண்ணாடியிழை ஒட்டிய குழாய் நனைந்து பூஞ்சணம் பிடித்திருந்தால், அதைச் சுத்தம் செய்ய முடியாது. அந்தப் பகுதியை மாற்றத்தான் வேண்டும்.

பழைய வீடுகளில், குழாய் இணைப்புகளின் மேல் வெள்ளையான, காகிதம் போன்ற பட்டை ஒட்டியிருந்தால் அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ் என்னும், சுவாசித்தால் கேடான இழை) இருக்கக்கூடும். அதைச் சுரண்டாதீர்கள், பிறரையும் தொடவிடாதீர்கள். பரிசோதித்து அறியும்வரை குழாய் வேலையைத் தள்ளிவையுங்கள்.

இந்தக் காரணங்களில் ஒன்றும் இல்லையென்றால், அந்தப் பணத்தை ஃபர்னஸுக்கான நல்ல காற்று வடிகட்டிக்குச் செலவிடுவதே மேல். ஓர் அங்குலத் தடிப்புள்ள வடிகட்டியை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதன் அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும். தாளிப்பும் பொரியலும் மிகுந்த சமையலறையில், புகையை வெளியே தள்ளும் விசிறியைப் போடாமல் சமைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு தூசோடு சேர்ந்து எங்கும் ஒட்டும். துணி உலர்த்தும் இயந்திரத்தின் குழாய் இவற்றிலிருந்து வேறானது. அதில் சேரும் பஞ்சு தீப்பிடிக்கும் என்பதால், அதை மட்டும் காரணம் தேடாமல் ஆண்டுதோறும் சுத்தம் செய்யுங்கள்.

ஆளை அழைப்பது என்று முடிவானால், தொலைபேசியில் வந்தவரை விட்டுவிட்டு, நீங்களே இரண்டு மூன்று நிறுவனங்களைத் தேடி, வீட்டைப் பார்த்து எழுத்தில் விலை தரும்படி கேளுங்கள். முழு அமைப்பையும் ஒழுங்காகச் செய்யும் வேலை பல நூறு டாலர் பிடிக்கும். 99 டாலருக்கு வருபவர் பெரும்பாலும் துவாரங்களை மட்டும் உறிஞ்சிவிட்டு, மற்றதற்குத் தனித்தனியே பணம் கேட்பார். சரியான முறையில், பெரிய உறிஞ்சு இயந்திரத்தை முதன்மைக் குழாயோடு இணைத்து, தூசு வீட்டுக்குள் பரவாதபடி குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைத்து, தூரிகையாலோ அழுத்தக் காற்றாலோ அழுக்கைப் பெயர்த்து இழுப்பார்கள். தள்ளும் குழாய், இழுக்கும் குழாய், மின்விசிறி அறை, ஏசி சுருள், நீர்த்தட்டு ஆகிய எல்லாம் அந்த விலைக்குள் அடங்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பூஞ்சணம் கொல்லும் மருந்து தெளிக்கலாம் என்றால் மறுத்துவிடுங்கள். அந்த மருந்தை நீங்களும் குழந்தைகளும் சுவாசிக்க நேரும். வந்தவர் ஃபர்னஸில் வெடிப்பு இருக்கிறது, உடனே மாற்ற வேண்டும் என்றாலும் அதே இடத்தில் கையொப்பமிடாமல், ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பரிடம் காட்டுங்கள். அதுவரை, வெடிப்பு வழியே கசியக்கூடிய நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்குரிய எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று சோதித்துவையுங்கள்.

வேலை முடிந்ததும், பணம் கொடுக்குமுன், அதே கைப்பேசியால் அதே துவாரங்களை மீண்டும் படமெடுத்து முந்தைய காணொளியோடு ஒப்பிடுங்கள். இயந்திரத்தை இணைக்கக் குழாயில் வெட்டிய ஓட்டைகள் தகரத் தகட்டால் காற்றுப் புகாமல் மூடப்பட்டுள்ளனவா, மின்விசிறியின் இறக்கைகளில் தூசு மிச்சமிருக்கிறதா என்பதையும் அவரை அருகில் வைத்துக்கொண்டே பாருங்கள்.