காசநோய்க் கிருமியும் எதிர்ப்பு செல்களும்: எங்கே தவறாகப் புரிந்துகொள்கிறோம்?

காசநோய் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் சறுக்குவது, கிருமிகளை விழுங்கும் எதிர்ப்பு செல்லான மேக்ரோபேஜிடம்தான். கிருமியை விழுங்கிவிட்டதா, சரி, கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வேறு பல பாக்டீரியாக்களுக்கு அது பொருந்தும். காசநோய்க் கிருமியான மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸுக்குப் பொருந்தாது. விழுங்கப்பட்ட கிருமி இருக்கும் பை, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுடன் சேர்ந்தால்தான் அமிலமும் நொதிகளும் கிருமியைச் சிதைக்கும். அந்தச் சேர்க்கையையே கிருமி தடுத்துவிட்டு, செல்லுக்குள் பெருகத் தொடங்குகிறது.

நிலைமை மாற சிடி4 டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் வர வேண்டும். அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம்தான் மேக்ரோபேஜுக்குக் கொல்லும் திறனைக் கூட்டுகிறது. ஆனால் டி செல்கள் விழித்துக்கொள்ளவே சில வாரங்கள் ஆகும். எச்.ஐ.வி. கிருமி சிடி4 செல்களை அழிப்பதால், அந்த நோயாளிகளைக் காசநோய் எளிதில் தாக்குகிறது.

இங்கிருந்துதான் அடுத்த தவறு பிறக்கிறது: எதிர்ப்பு எவ்வளவு கூடினாலும் நல்லது என்ற எண்ணம். டிஎன்எஃப் என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தடுக்கும் மூட்டுவாத மருந்துகளால் உறங்கிய காசநோய் மீண்டும் கிளம்புவது உண்மை. அதற்காக எதிர்ப்பை முடுக்கிவிட்டால் போதும் என்று சொல்லிவிட முடியாது. டி செல்களைக் கட்டுப்படுத்தும் பிடி-1 என்ற புரதம் இல்லாத எலிகளுக்குக் காசநோய்க் கிருமியைச் செலுத்தினால் அவை சாதாரண எலிகளைவிடச் சீக்கிரம் இறக்கின்றன. மனித நுரையீரலில் குழிகள் விழுவதிலும் நம் செல்கள் கிளப்பும் அழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் குழிகள் வழியாகத்தான் கிருமி இருமலில் வெளியேறிப் பரவுகிறது. ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ விளம்பரங்கள் இந்தப் பக்கத்தைப் பேசுவதே இல்லை.

கிருமியைச் சுற்றி எதிர்ப்பு செல்கள் திரண்டு உருவாகும் முடிச்சான கிரானுலோமாவைக் கிருமியின் சிறை என்று மட்டும் எழுதுவதும் பாதி உண்மைதான். வரிக்குதிரை மீன்களில் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமியை வைத்து நடந்த ஆய்வுகளில், புதிதாக அங்கே வரும் மேக்ரோபேஜ்களே கிருமிக்கு அடுத்த வீடாவது தெரிந்தது.

கிருமியோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடி நிறைய இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் தொழுநோயைப் பார்க்கலாம். அதுவும் மைக்கோபாக்டீரியா நோய்தான். லெப்ரோமேட்டஸ் வகையில் ஆன்டிபாடி ஏராளம், கிருமியும் ஏராளம். டியூபர்குலாய்டு வகையில் டி செல் எதிர்ப்பு வலுவாக இருப்பதால் கிருமி குறைவு. ஆனால் அதே எதிர்ப்பு நரம்பைக் கெடுக்கும்.

அப்புறம், காசநோய்க் கிருமியின் புரதங்களைத் தோலுக்குள் செலுத்திப் பார்க்கும் மான்டூ பரிசோதனை. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தோலில் தடிப்பு வந்தால், டி செல்கள் இந்தக் கிருமியின் புரதங்களையோ அவற்றை ஒத்தவற்றையோ முன்பே சந்தித்திருக்கின்றன என்று பொருள். காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியாலும் தடிப்பு வரலாம். இப்போது நோய் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதற்கு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை வேண்டும். டி செல்கள் தளர்ந்த ஒருவருக்கு, நோய் முற்றியிருந்தாலும் தடிப்பு வராமல் போகலாம்.