அலர்ட் வந்ததும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்: பிரேக்கை முதலில் மாட்டுங்கள்

சர்வர்களைக் கண்காணிக்கும் மானிட்டரிங் அனுப்பும் சில அலர்ட்களுக்கு ராத்திரி எழுந்து உட்கார்ந்து செய்கிற வேலை எப்போதும் ஒன்றேதான். லாகின் செய்வது, ஹேங் ஆன சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வது, டாஷ்போர்டு பச்சையானதும் மறுபடி படுப்பது. இதை ஒரு ஸ்கிரிப்ட்டிடம் கொடுத்துவிடலாமே என்று ஆன்-கால் (எந்நேரமும் கூப்பிட்டால் வரும் டூட்டி) பார்க்கிற எல்லோருக்கும் தோன்றும். கொடுக்கலாம்; நானும் கொடுத்திருக்கிறேன். அலர்ட்டையும் ஸ்கிரிப்ட்டையும் இணைக்க அரை மணி நேரம் போதும். அந்த ஸ்கிரிப்ட் எப்போது ஓடக்கூடாது என்று முடிவு செய்வதற்குத்தான் நேரம் பிடிக்கும். அதனால் இங்கேயும் அந்தப் பகுதியே நீளமாக இருக்கும்.

இதற்கு அலர்ட் வேண்டுமா?

பிராசஸ் செத்துப்போனால் அதை எழுப்ப மானிட்டரிங் தேவையில்லை. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியே அதைச் செய்யும். யூனிட் ஃபைலில் (ஒரு சர்வீஸுக்கான அதன் அமைப்பு ஃபைல்) ரீஸ்டார்ட் என்ற வரியை ‘ஆன்-ஃபெயிலியர்’ என்று வைத்தால் போதும். ஆனால் அதன் இயல்பு அளவுகளை அப்படியே விடாதீர்கள். இரண்டு முயற்சிகளுக்கு நடுவே அது 100 மில்லிசெகண்ட்தான் காத்திருக்கும். 10 வினாடிக்குள் 5 முறை தொடங்கிப் பார்த்தும் சர்வீஸ் நிலைத்து ஓடவில்லை என்றால் கைவிட்டுவிடும். டேட்டாபேஸ் திரும்பி வர 20 வினாடி ஆகிறது என்று வையுங்கள். ஆரம்பத்திலேயே இணைப்பு கிடைக்காமல் சாகிற உங்கள் அப்ளிகேஷன், அதற்கு முன்பே ஐந்து தடவை செத்து, ‘ஃபெயில்ட்’ நிலையில் கிடக்கும். காத்திருப்பை 5 வினாடியாகக் கூட்டுங்கள். கூட்டினால் இன்னொன்றையும் மாற்ற வேண்டும்: 5 வினாடிக்கு ஒருமுறை முயன்றால் 10 வினாடிக்குள் ஐந்து தடவை வரவே வராது, அதாவது முடிவே இல்லாமல் முயன்றுகொண்டே இருக்கும். எண்ணும் கால அளவையும் 5 நிமிடம் போல நீட்டிவிடுங்கள்.

அலர்ட் தேவைப்படுவது வேறு வகைச் சிக்கல்களுக்கு. பிராசஸ் உயிரோடு இருக்கிறது, பதில் சொல்லவில்லை. டிஸ்க் நிரம்புகிறது. கியூ நீண்டுகொண்டே போகிறது. இவை சிஸ்டம்டிக்குத் தானாகத் தெரியாது.

முதல் ஸ்கிரிப்ட் எதையும் சரிசெய்ய வேண்டாம்

யார் கேட்டாலும் நான் சொல்வது இது: ஒரு அலர்ட்டோடு முதலில் இணைக்கிற ஸ்கிரிப்ட், தடயம் சேகரிப்பதாக மட்டும் இருக்கட்டும். ரீஸ்டார்ட் பிரச்சினையைத் தீர்க்கும். கூடவே காரணத்தையும் அழித்துவிடும். காலையில் வந்து பார்த்தால் மெமரி எல்லாம் காலி, கனெக்‌ஷன் எல்லாம் புதிது, என்ன நடந்தது என்று சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது.

என் தடயப் பட்டியல் சின்னது. மெமரி அதிகம் எடுக்கும் பிராசஸ்கள், எஸ்எஸ் கமாண்ட் காட்டும் கனெக்‌ஷன் நிலைகள், டிஎஃப் வெளியீடு (டிஸ்கில் மீதி இடம்), டிஎஃப் மைனஸ் ஐ வெளியீடு (மீதி ஐநோடு), கர்னல் எழுதும் லாகில் கடைசிப் பகுதி (மெமரி தீரும்போது பிராசஸைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் யாரையாவது கொன்றிருந்தால் அங்கே பேர் இருக்கும்), சர்வீஸின் சொந்த லாகில் கடைசி 200 வரி. ஜாவா என்றால் ஜேஸ்டாக் கொண்டு ஒரு த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்). எல்லாவற்றையும் நேரமும் அலர்ட் பேரும் போட்ட ஒரு ஃபோல்டரில் வைத்து, அந்தப் பாதையை டிக்கெட்டில் எழுதிவிடும். சில வாரம் இது மட்டும் ஓடட்டும். அந்தக் கோப்புகளை வரிசையாகப் படித்தாலே ரீஸ்டார்ட் ஸ்கிரிப்ட் தேவையா, இல்லை ஒரு கான்ஃபிக் மாற்றம் போதுமா என்று தெரிந்துவிடும்.

எங்கே இணைப்பது

நாகியோஸ், ஜாபிக்ஸ், புரோமிதியஸ் என்ற மூன்று மானிட்டரிங் மென்பொருள்களைப் பார்ப்போம். நாகியோஸில் இதற்குப் பெயர் ஈவென்ட் ஹேண்ட்லர். ஸ்கிரிப்ட்டுக்கு மூன்று விஷயங்களை மேக்ரோவாக (நாகியோஸ் நிரப்பித் தரும் மதிப்பு) அனுப்புங்கள்: சர்வீஸின் நிலை, அது சாஃப்ட்டா (இன்னும் சோதிக்கிறது) ஹார்டா (உறுதியானது), எத்தனையாவது முயற்சி. சிக்கல் தெரிந்ததும் நாகியோஸ் உடனே ஆளை எழுப்பாது. சில தடவை சோதித்துவிட்டுத்தான் ஹார்டு என்று முடிவு செய்யும். அந்த இடைவெளிதான் உங்களுக்கு வாய்ப்பு. நான்கு தடவை சோதிப்பதாக வைத்திருந்தால், மூன்றாவது சாஃப்ட் முயற்சியில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். சரியானால் யாருக்கும் போன் போகாது. ஆகாவிட்டால் நான்காவதில் மனிதருக்குப் போகும். ஹேண்ட்லர் ஒவ்வொரு சாஃப்ட் நிலைக்கும், முதல் ஹார்டு நிலைக்கும், சரியாகித் திரும்பும்போதும் கூப்பிடப்படும் என்பதை மறக்காதீர்கள். ஸ்கிரிப்ட்டுக்குள் நிலையைப் பார்த்துப் பிரிக்காவிட்டால், சரியான சர்வீஸையும் அது ரீஸ்டார்ட் செய்யும். அப்புறம், அது ஓடுவது நாகியோஸ் சர்வரில், பாதிக்கப்பட்ட சர்வரில் அல்ல. பாதிக்கப்பட்ட சர்வரில் கமாண்டை ஓட்ட எஸ்எஸ்ஹெச்சோ என்ஆர்பிஇயோ (அங்கே ஓடும் நாகியோஸ் ஏஜென்ட்) வேண்டும்.

ஜாபிக்ஸில் ஆக்‌ஷனுக்குள் ரிமோட் கமாண்டைச் சேர்க்கலாம். ஏஜென்ட் (கண்காணிக்கப்படும் சர்வரில் ஓடுவது), ஜாபிக்ஸ் சர்வர், பிராக்ஸி, எதில் ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். ஏஜென்ட்டில் இது இயல்பாக அடைக்கப்பட்டிருக்கும், 5.0 பதிப்பிலிருந்து அலோ-கீ என்ற அமைப்பில் திறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் திறந்துவிடாமல், உங்களுக்கு வேண்டிய அந்த ஒரு கமாண்டை மட்டும் எழுதுங்கள்.

புரோமிதியஸ் பக்கம் கதை வேறு. அதன் அலர்ட்களை அனுப்பும் அலர்ட்மேனேஜர் எந்த ஸ்கிரிப்ட்டையும் தானே ஓட்டாது. வெப்ஹுக் ரிசீவருக்கு, அதாவது நீங்கள் கொடுக்கும் ஒரு யூஆர்எல்லுக்கு, அலர்ட் விவரத்தை ஜேசன் வடிவில் அனுப்பும், அவ்வளவுதான். அதை வாங்கி ஸ்கிரிப்ட்டை ஓட்ட ஒரு சின்ன எச்டிடிபி சர்வீஸ் நீங்கள் வைக்க வேண்டும். அது ஜேசனை வாங்கியதும் 200 என்று பதில் சொல்லிவிட்டு, வேலையைப் பின்னணியில் செய்யட்டும். வேலை முடியும்வரை பதிலைப் பிடித்துவைத்தால் நேரம் கடந்து அலர்ட்மேனேஜர் மறுபடி அனுப்பக்கூடும். ஸ்டேட்டஸ் ஃபயரிங்கா (சிக்கல் இருக்கிறது) ரிசால்வ்டா (தீர்ந்தது) என்று பாருங்கள். வெப்ஹுக்கில் ரிசால்வ்டு செய்தியும் இயல்பாகவே வரும். தீராத அலர்ட்டை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி அனுப்புவதும் இயல்பு அமைப்புதான். அலர்ட்மேனேஜரை இரண்டு மூன்றாக கிளஸ்டரில் ஓட்டினால் ஒரே செய்தி இரண்டு தடவை வருவதும் உண்டு. ஒவ்வொரு அலர்ட்டோடும் வருகிற ஃபிங்கர்பிரின்ட்டையும் (அந்த அலர்ட்டின் அடையாள எண்) தொடங்கிய நேரத்தையும் சேர்த்துக் குறித்துவைத்து, பார்த்ததையே மறுபடி செய்யாமல் விடுங்கள்.

பிரேக்குகள்

ஒரே நேரத்தில் இரண்டு ஓடக்கூடாது. இதற்கு ஒரு ஃபைலைப் பூட்டும் எஃப்லாக் கமாண்ட் இருக்கிறது. மைனஸ் என் போட்டால் பூட்டு கிடைக்காத உடனே வெளியேறிவிடும், வரிசையில் நிற்காது. பிஐடி ஃபைல் (ஓடும் பிராசஸின் எண்ணைக் குறித்த ஃபைல்) எழுதிப் பார்க்கிற பழைய முறை வேண்டாம். ஸ்கிரிப்ட் நடுவில் செத்தால் ஃபைல் அங்கேயே கிடக்கும், அடுத்தது ஓடாது. எஃப்லாக்கின் பூட்டைப் பிராசஸ் முடிந்ததும் கர்னலே விடுவித்துவிடும். இதில் ஒரு நுணுக்கம்: ஸ்கிரிப்ட்டுக்குள்ளிருந்து ஒரு டீமனை (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் பிராசஸ்) நேரடியாகத் தொடங்கினால், திறந்த அந்தப் பூட்டு அதற்கும் போய்ச் சேர்ந்து, டீமன் ஓடும்வரை விடுபடாது. சிஸ்டம்டியின் கமாண்டான சிஸ்டம்சிடிஎல் வழியாகத் தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

நேர வரம்பு வையுங்கள். டைம்அவுட் கமாண்டுக்குள் வைத்து ஓட்டினால், நேரம் கடந்ததும் நிறுத்திவிட்டு 124 என்று எக்ஸிட் கோட் தரும். நாகியோஸின் மாதிரி கான்ஃபிகில் ஹேண்ட்லருக்கு 30 வினாடிதான் கொடுத்திருக்கும். உங்கள் சர்வீஸ் மெதுவாக நிற்கிற ரகம் என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

எண்ணிக்கை வரம்புதான் என் கண்ணுக்கு மிக முக்கியம். ஓடும் ஒவ்வொரு முறையும் ஒரு ஃபைலில் நேரத்தை எழுதட்டும். கடைசி ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை ஏற்கனவே ஓடியிருந்தால் மூன்றாவது தடவை எதையும் தொடாமல் ஆளைக் கூப்பிடட்டும். இரண்டு ரீஸ்டார்ட்டில் தீராதது மூன்றாவதில் தீர்ந்து நான் பார்த்ததில்லை. வரம்பே இல்லாத ஸ்கிரிப்ட், மெமரி லீக் உள்ள அப்ளிகேஷனை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துகொண்டே மாதக்கணக்கில் ஓடும். டாஷ்போர்டு பச்சையாகவே இருக்கும், யாருக்கும் தெரியாது.

ஒரு சர்வருக்குள் வரம்பு வைத்தால் மட்டும் போதாது. லோட் பேலன்சருக்குப் (வரும் வேலையைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) பின்னால் பத்து சர்வர்கள், எல்லாமே டேட்டாபேஸ் மெதுவானதால் பதில் சொல்லவில்லை என்று நினையுங்கள். பத்து ஸ்கிரிப்ட்டும் தனித்தனியே ‘நான் ஒரு தடவைதானே ரீஸ்டார்ட் செய்கிறேன்’ என்று ஒரே நொடியில் செய்தால் மொத்த சைட்டும் விழும். ஆகவே ரீஸ்டார்ட்டுக்கு முன் லோட் பேலன்சரிடம் எத்தனை நல்ல நிலையில் இருக்கின்றன என்று கேட்டுவிட்டு, ஒன்றுக்கு மேல் கெட்டிருந்தால் கை வைக்காமல் அலர்ட்டை மேலே அனுப்பட்டும். பல சர்வர்கள் ஒன்றாகக் கெட்டால் காரணம் அநேகமாக அந்த சர்வர்களில் இல்லை.

கடைசியாக, கையால் நிறுத்த ஒரு வழி வேண்டும். குறிப்பிட்ட இடத்தில் ஒரு காலி ஃபைல் இருந்தால் ஸ்கிரிப்ட் ஒன்றும் செய்யாமல் வெளியேறட்டும். டெப்ளாய் நடக்கும்போது, யாராவது உள்ளே உட்கார்ந்து டீபக் செய்யும்போது, அந்த ஃபைலை டச் செய்தால் போதும்.

அனுமதிகள்

ஸ்கிரிப்ட் நாகியோஸ் அல்லது ஜாபிக்ஸ் யூசராக ஓடும், ரூட்டாக அல்ல. அதை ரூட் ஆக்கிவிடத் தோன்றும், வேண்டாம். சூடோயர்ஸில் (யார் எந்தக் கமாண்டை ரூட்டாக ஓட்டலாம் என்ற ஃபைல்) ஒரே ஒரு வரி: முழுப் பாதையோடு சிஸ்டம்சிடிஎல், ரீஸ்டார்ட், அந்த சர்வீஸின் பேர். நட்சத்திரக் குறி போடாதீர்கள். ஸ்கிரிப்ட் ஃபைலை அந்த யூசரே திருத்த முடிகிற மாதிரி விடவும் கூடாது. எஸ்எஸ்ஹெச் வழியாகப் போனால் இதற்கென்றே தனி கீ. எதிர் சர்வரின் ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் அந்தக் கீ ஒரு கமாண்டை மட்டும் ஓட்டும்படி கட்டுங்கள், கூடவே மற்ற வசதிகளை அடைக்கிற ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல்லையும் சேருங்கள்.

அலர்ட்டில் வருகிற எழுத்தை நம்பாதீர்கள். லாகிலிருந்து எடுத்த செய்தி அதற்குள் இருந்தால், அதை எழுதியது வெளியாளாகவும் இருக்கலாம். ஹோஸ்ட் பேரையும் சர்வீஸ் பேரையும் உங்கள் சொந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லாத பேர் வந்தால் வெளியேறுங்கள். வந்த எழுத்தையே கமாண்டாக ஓட்டிவிடும் இவால் பக்கமே போகாதீர்கள்.

டிஸ்க் நிரம்பும்போது

எல்லோரும் முதலில் எழுத ஆசைப்படுவது இதைத்தான்: பழைய லாகை அழி. ஆனால் ஒரு பிராசஸ் திறந்து வைத்திருக்கிற லாகை ஆர்எம் செய்தால் இடம் திரும்பாது. அந்தப் பிராசஸ் அதை மூடும்வரை பிளாக்குகள் பிடிபட்டேதான் இருக்கும். எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1 போட்டால் அப்படி அழிந்தும் திறந்திருக்கிற ஃபைல்கள் தெரியும். அவசரத்துக்கு ட்ரங்கேட் செய்யலாம், அதாவது ஃபைலை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் காலி செய்யலாம். சிஸ்டம்டியின் லாகான ஜர்னல் பெருத்திருந்தால் ஜர்னல்சிடிஎல்லின் வாக்கும்-சைஸ் ஆப்ஷன் பாதுகாப்பானது. டிஎஃப் இடம் இருக்கிறது என்று காட்டியும் எழுத முடியவில்லை என்றால் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கலாம். அங்கே பெரிய ஃபைலைத் தேடி அழிக்கிற ஸ்கிரிப்ட்டால் பயன் இல்லை, லட்சக்கணக்கான குட்டி ஃபைல்களைத்தான் தேட வேண்டும். எதை அழிக்கலாம் என்பது பாதைப் பட்டியலாக ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதப்பட்டிருக்கட்டும். ‘பெரியது எதுவோ அது’ என்ற விதி ஒருநாள் டேட்டாபேஸ் ஃபைலில் போய் நிற்கும்.

ஓட்டிப் பார்ப்பது

உங்கள் டெர்மினலில் ஓடுகிறது என்பது எதையும் நிரூபிக்காது. மானிட்டரிங் யூசருக்குப் பாத் (கமாண்டைத் தேடும் இடங்கள்) வேறு, ஹோம் வேறு, டிடிஒய் (டெர்மினல்) கிடையாது. சூடோ மைனஸ் யூ போட்டு அந்த யூசராக, என்வ் மைனஸ் ஐ கொண்டு வெறும் சூழலில் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் டெஸ்ட் சர்வரில் அந்த பிராசஸுக்கு கில் மைனஸ் ஸ்டாப் அனுப்புங்கள். செத்துப்போகாமல் உறைந்து நிற்கும், நிஜமான ஹேங் போலவே. அலர்ட் எழுவதிலிருந்து சர்வீஸ் திரும்புவதுவரை பாருங்கள். பிறகு ரீஸ்டார்ட்டாலும் தீராத மாதிரி கான்ஃபிகை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, மூன்றாவது தடவை உங்கள் போன் அடிக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டாவது சோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொரு ஓட்டத்தையும் லாகர் கமாண்ட் வழியாக சிஸ்லாகில் எழுதுங்கள்: என்ன அலர்ட், என்ன செய்தது, எக்ஸிட் கோட் என்ன. வாரம் ஒருமுறை அந்த வரிகளை எண்ணி டீமுக்கு மெயில் போகட்டும். ஏதாவது ஒரு ஸ்கிரிப்ட்டின் எண்ணிக்கை வாரா வாரம் ஏறினால் அந்த அப்ளிகேஷனுக்கு ஒரு பக் திறந்து, முதல் நாள் முதல் சேகரித்துவைத்த தடயக் கோப்புகளை அதில் இணைத்துவிடுங்கள்.