ஈட்டா கரினேயின் தூசிக் கூட்டைப் பார்க்க, ஃபில்டரைக் கழற்றுங்கள்

சித்திரை பிறக்கும் சமயம், அமாவாசையை ஒட்டிய ராத்திரி, 9.30 மணி. ஈட்டா கரினே என்ற நட்சத்திரம் அப்போதுதான் நேர் தெற்கில் உச்சத்துக்கு வரும். உச்சம் என்றாலும் ராமநாதபுரம் பக்கம் 21 டிகிரிதான். கையை நீட்டி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முஷ்டி வைத்தால் அவ்வளவு உயரம். தெற்கே மரம், கட்டடம் எதுவும் மறைக்கக் கூடாது. நான் வாலிநோக்கம் கடற்கரைக்குப் போய்விடுவேன். டெல்லிக்காரர்களுக்கு இது தொடுவானத்தில் தலைகாட்டுவதோடு சரி.

முதலில் தென்சிலுவையைப் பிடியுங்கள். வலப்பக்கம் நன்றாகத் தள்ளி இன்னொரு சிலுவை இருக்கும், அது போலி. இரண்டுக்கும் நடுவில் பைனாகுலரை ஓட்டினால் மங்கலான வெளிச்சத் திட்டு ஒன்று சிக்கும். அதுதான் கரினா நெபுலா, விண்வெளியில் ஒளிரும் வாயு மேகம். பலர் இதோடு மூட்டை கட்டிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் ஆரஞ்சு நட்சத்திரம், ஈட்டா கரினே.

1843 மார்ச்சில் அது, இரவு வானிலேயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸுக்கு அடுத்த பிரகாசத்தில் நின்றது, அதுவும் சுமார் 7,500 ஒளியாண்டு தூரத்திலிருந்து! அப்போது நடந்த வெடிப்பில் கக்கியது குறைந்தது 10 சூரியன் எடை. கக்கிய வாயு ஆறித் தூசியாகி நட்சத்திரத்தையே மூடிவிட்டது. இரண்டு குமிழிகளாக, வினாடிக்குச் சுமார் 650 கி.மீ. வேகத்தில் அது இன்னும் விரிகிறது. அர்ஜென்டினா வானியலாளர் என்ரிகே கவியோலா இதற்கு வைத்த பெயர் ஹோமங்குலஸ், அதாவது குட்டி மனிதன்.

என்னுடையது 8 அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப். பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆற விடுவேன். நெபுலாவுக்கு 25 மி.மீ. ஐபீஸும் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) நெபுலா ஃபில்டரும். அப்புறம் ஹோமங்குலஸுக்கு 6 மி.மீ.; 200 மடங்கு வரும். இங்கேதான் நான் இரண்டு வருஷம் ஏமாந்தேன். ஃபில்டரைக் கழற்றவே இல்லை. நெபுலா வாயு ஒருசில நிறங்களில் தானே ஒளிர்கிறது; ஃபில்டர் அந்த நிறங்களை மட்டும் விடும். ஹோமங்குலஸ் பெரும்பாலும் தூசியில் பட்டுத் தெறிக்கும் நட்சத்திர வெளிச்சம். அதில் முக்கால்வாசியை ஃபில்டரே விழுங்கிவிடும். கடைசியில் என் மச்சினன்தான் கேட்டான், "அத்தான், இதைக் கழட்டிட்டுப் பாத்தா என்ன?"

பார்த்தால், ஆரஞ்சு நிறத்தில் ஒரு நிலக்கடலை. இரண்டு பக்கமும் உப்பல், ஒரு பக்கம் கொஞ்சம் பளிச்சென்று. கடல் காற்றில் உருவம் கலங்கிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு நொடி அசையாமல் நிற்கும். அந்த நொடிக்காகக் கண்ணை எடுக்காமல் பத்து நிமிஷமாவது உட்காருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டெலஸ்கோப் குழாயைத் திறந்து ஈரம் காய விடுங்கள். கண்ணாடியைத் துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள்.