பொள்ளாச்சிப் பக்கம் படப்பிடிப்பு: புதுப் பெண் இயக்குநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்த ஊர்ப்பக்கம்தானே என்று நாள் திட்டத்தை மேனேஜர் கையில் விட்டுவிடுவதுதான் முதல் தவறு. யாரால் நேரம் போனாலும் 'அந்தம்மாவுக்கு வேகம் பத்தல' என்ற பேச்சு உங்கள் மேல்தான் விழும்; அடுத்த வாய்ப்பையும் அது கெடுக்கும். எத்தனை ஷாட், எந்த வரிசை, எத்தனை மணிக்கு என்று நீங்களே எழுதிய தாள் கையில் இருக்கட்டும்.

ஷாட் வரிசையும் நேரமும் எவ்வளவு முக்கியம் என்பது ஆனைமலைத் தென்னந்தோப்பில் நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் ஓலை இடுக்கு வழியாக வரும் வெளிச்சம் முகத்தில் திட்டுத் திட்டாக விழும். ஓலை அசைய அசையத் திட்டும் இடம் மாறும். எடிட்டிங்கில் ஒரு டேக்கோடு இன்னொன்று ஒட்டாது. இடம் முழுக்கத் தெரியும் வைட் ஷாட்டைக் காலை ஒன்பதுக்குள் முடித்துவிட்டு, குளோஸப்பை மதியம் தலைக்கு மேல் வெள்ளைத் துணி கட்டி எடுங்கள். தரைப் புல்லின் பச்சை நிறம் வெளிச்சத்தோடு நடிகரின் தாடையில் ஏறும். ஃபிரேமுக்கு வெளியே தரையில் வெள்ளைத் துணி விரித்தால் தணியும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசும். படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்யும் லைவ் சவுண்ட் என்றால் மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை கட்டாயம். சோமனூர், பல்லடம் பக்கம் என்றால் விசைத்தறிச் சத்தம். முதல்நாளே தறிக்காரரிடம் பேசி, தறி நிற்கும் நேரத்துக்கான கூலியைப் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். ஷாட் நடுவே ஆள் அனுப்பி நிறுத்தச் சொல்வது நியாயமே இல்லை.

ஆனைமலைக் காட்டுக்குள் இருக்கும் டாப்ஸ்லிப் என்றால் வனத்துறை அனுமதி கைக்கு வராமல் கால்ஷீட் வாங்காதீர்கள். லொக்கேஷன் பார்க்கும்போதே பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

எல்லா வரியிலும் 'ங்க' சேர்த்தால் கொங்குத் தமிழ் ஆகிவிடாது. அது எங்கே வருகிறது, எங்கே விட்டுப்போகிறது என்பதில்தான் உறவு தெரியும். வெளியூர் நடிகர்களுக்கு வசனத் தாளோடு ஊர்க்காரர் பேசிய ஆடியோவையும் பத்து நாள் முன்பே அனுப்புங்கள்.

டிவி தினசரித் தொடரில் அரை மணி எபிசோடுக்கு விளம்பரம் போக ஏறக்குறைய 22 நிமிடம் தேவை. அதைப் பெரும்பாலும் ஒரே நாளில் எடுக்க வேண்டியிருக்கும். சினிமா பழக்கத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் ஐந்தாறு கோணம் வைத்தால் மாலைக்குள் பாதிகூட முடியாது. இரண்டு கேமராவில் முழுக்காட்சியை எடுத்துவிட்டு, திருப்பமான வசனத்துக்கு மட்டும் நெருங்கிப் போங்கள்.

1936-இல் 'மிஸ் கமலா' படத்தை இயக்கிய, தமிழ் சினிமாவின் முதல் பெண் இயக்குநர் டி.பி.ராஜலட்சுமி, தயாரிப்பையும் தாமே செய்தார். இன்று பலருக்கு அந்த வசதி இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டமோ திரைப்படத்தின் ஆசிரியராகத் தயாரிப்பாளரைத்தான் சொல்கிறது. டைட்டிலில் உங்கள் பெயர் எப்படி வரும், பாதியில் ஆள் மாற்றினால் சம்பளமும் பெயரும் என்னாகும் என்பதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். முன்பணம் வாங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.