அரிய ஆங்கிலச் சொற்களைச் சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் ஞாயிறு மாலைகளில் என்னைப் பார்க்க வரும் கல்லூரி மாணவர்களுள் ஒருவர், சென்ற மாதம் தம் குறிப்பேட்டை என் முன் விரித்து வைத்தார். நானூறுக்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்களும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரிப் பொருளும் அதில் இருந்தன. ஒரு சொல்லைச் சுட்டி, அதை எங்கே படித்தார் என்று கேட்டேன். "ஞாபகம் இல்ல அண்ணாச்சி, போன்ல வந்துச்சு" என்றார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் தொடங்கிய முதல் குறிப்பேடும் இப்படியேதான் இருந்தது. எழுத்துப்பிழை, வரிசைக் குழப்பம் போன்றவற்றை அவரவரே திருத்திக்கொள்வார்கள் என்பதால், ஆண்டுக்கணக்கான உழைப்பை வீணாக்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நீளத்தை அருமை என்று எண்ணுதல்

'நியூமோனோ' என்று தொடங்கும், 45 எழுத்துகள் கொண்ட நுரையீரல் நோய்ச் சொல்லைத்தான் பெரும்பாலோர் முதலில் எழுதுகின்றனர். அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கம் ஒன்றின் தலைவர், நீளமான சொல் வேண்டும் என்பதற்காகவே 1935இல் கட்டியது அது. மருத்துவர்கள் அந்நோயைச் சிலிகோசிஸ் என்றே சொல்வார்கள்.

சொல்லை எடுத்துக்கொண்டு வாக்கியத்தை விட்டுவிடுதல்

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுவே. எங்கள் மாவட்டத்தைப் பற்றிய பழைய ஆங்கில ஆவணம் ஒன்றைப் படித்தபோது 'டோப்' (tope) என்ற சொல்லைக் கண்டேன். கைக்கு எட்டிய சிறிய அகராதி, 'அளவுக்கு மீறிக் குடித்தல்' என்று பொருள் தந்தது. பனையைப் பற்றிய வரியில் அச்சொல் வந்திருந்ததாலும், பனை என்றதும் மனம் கள்ளுக்குத் தாவிவிட்டதாலும் எனக்கு ஐயமே எழவில்லை. சொல்லையும் பொருளையும் எழுதிக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிட்டேன். வாக்கியத்தையோ நூலின் பெயரையோ பக்க எண்ணையோ குறிக்கவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியைப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. அந்த 'டோப்' நம்முடைய தோப்பு. தெற்கே இச்சொல்லைக் கற்றுக்கொண்ட ஆங்கிலேயர், அதை அறியாத வடநாட்டுக்கும் கொண்டு சென்று, அங்குள்ள மாந்தோப்புகளையும் அப்பெயராலேயே குறித்தனர். உடன்குடிப் பக்கத்துப் பனந்தோப்புகளுக்கு நடுவே வளர்ந்த நான், பிறந்தது முதல் கேட்ட சொல்லைக் குடிப்பழக்கத்தின் பெயராக எழுதி வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் அதே எழுத்துகளைக் கொண்டு, குடித்தலைக் குறிக்கும் சொல்லும், ஒருவகைச் சுறாவைக் குறிக்கும் சொல்லும், பௌத்தத் தூபியைக் குறிக்கும் சொல்லும் தனித்தனியே உள்ளன. இவற்றுள் எது வந்திருக்கிறது என்பதை வாக்கியம்தான் காட்டும்.

அந்த ஒரு சொல்லை நினைவிலிருந்து திருத்திவிட்டேன். மீதமிருந்த ஆயிரத்துச் சொச்சம் சொற்களில் எத்தனை இப்படித் தடம் மாறியவை என்று சரிபார்க்க வழியே இருக்கவில்லை, ஏனெனில் எதை எங்கே படித்தேன் என்ற குறிப்பு ஒன்றுகூட இல்லை. ஆறு ஆண்டு உழைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

இதற்கான முறை புதிதன்று. ஆக்ஸ்போர்டு அகராதிக்காக 1879இல் பொது வாசகர்களின் உதவியை நாடிய அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே, ஒரு சொல்லுக்கு ஒரு தாள் கேட்டார்: இடது மேல் மூலையில் சொல், பிறகு ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், அவற்றின் கீழ் அச்சொல் வரும் வாக்கியம். பொருளை அவர் கேட்கவில்லை. வாக்கியம் கையில் இருந்தால் பொருளை எப்போது வேண்டுமானாலும் தேடிக்கொள்ளலாம்; பொருளை மட்டும் வைத்துக்கொண்டு வாக்கியத்தைத் திரும்பப் பெற முடியாது.

அச்சில் வந்ததெல்லாம் சொல் என்று நம்புதல்

1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியில் 'டோர்ட்' (dord) என்ற சொல்லுக்கு 'அடர்த்தி' என்று பொருள் தரப்பட்டிருந்தது. பெரிய 'டி' அல்லது சிறிய 'டி' அடர்த்தியின் சுருக்கக் குறி என்று வேதியியல் பதிப்பாசிரியர் 1931இல் எழுதி அனுப்பிய தாளில், 'டி அல்லது டி' எனப் பொருள்படும் 'டி ஆர் டி' (D or d) என்பதைச் சேர்த்து ஒரே சொல்லாகப் படித்துவிட்டனர். சொல்லுக்கு வேர் விளக்கம் இல்லாதது 1939இல் ஒருவர் கண்ணில் பட்டது. அச்சிலிருந்து அது நீங்க 1947 ஆயிற்று. இரண்டு அகராதிகளிலாவது பாருங்கள்; அவற்றுள் ஒன்று, சொல் வந்த வாக்கியங்களை மேற்கோள் காட்டும் அகராதியாக இருக்கட்டும்.

ஒற்றைத் தமிழ்ச் சொல்லால் பொருளை முடித்துவிடுதல்

'பெட்ரிக்கோர்' என்பதற்கு எதிரே எல்லாக் குறிப்பேடுகளிலும் 'மண்வாசனை' என்றே காண்கிறேன். 1964இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் கிரேக்கத்தில் கல்லையும் தேவர்களின் குருதியையும் குறிக்கும் சொற்களை இணைத்து, வறண்ட பாறையிலும் மண்ணிலும் மழை விழும்போது எழும் மணத்துக்கு இட்ட பெயர் அது. நாம் ஒரு கதையில் ஊரின் பேச்சும் பழக்கமும் நிறைந்திருந்தால் அதையும் மண்வாசனை என்போம். ஆங்கிலச் சொல்லுக்கு அந்தப் பொருள் கிடையாது. இரண்டு வரியில் விளக்கி எழுதுவதே சரி.

உச்சரிப்பை எழுத்தைப் பார்த்து ஊகித்தல்

ஒலியைக் கேட்ட பிறகே எழுதுங்கள்.

ஒரே பிரதியை நம்பியிருத்தல்

தாள்கள் தொலைந்ததால் ஆக்ஸ்போர்டு அகராதியின் முதல் பதிப்பிலேயே அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்டு' என்ற சொல் விடுபட்டது. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன் பகுதிக்குள் புகுந்தபோது, நண்பர் ஒருவரின் ஒன்பது ஆண்டுச் சேகரிப்பு தண்ணீரில் ஊறியது. வெயிலில் காயவைத்துப் பிரித்தபோது மையால் எழுதியவை கரைந்துபோய், பென்சிலால் எழுதியவை மட்டும் எஞ்சியிருந்தன.