டர்பனில் பறந்த பைப்ளேன் ஜோஹன்னஸ்பர்க்கில் திணறினால்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கட்டிய என் டைகர் மாத், அதாவது நிஜ விமானத்தின் நாலில் ஒரு பங்கு அளவில், இரட்டை அடுக்கு இறக்கையுள்ள (பைப்ளேன்) ரேடியோ மாடல், 2.2 மீட்டர் இறக்கை, டர்பனில் ராஜாவாகப் பறக்கும். ஜோஹன்னஸ்பர்க்கில் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனபோது புல்லை விட்டு எழும்பவே மாட்டேன் என்றது. அந்த ஊர் 1,700 மீட்டருக்கு மேல் உயரம். காற்று மெலிது, பெட்ரோல் எஞ்சின் பலத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும், காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகி, கலவையும் கொழுத்துப் புகையும்.

கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோலை அளக்கும் ஹை ஊசியைக் கடிகாரச் சுற்றில் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) சுற்று முடுக்குங்கள், பெட்ரோல் குறையும். ஒருவர் விமானத்தை இறுகப் பிடித்து மூக்கைத் தூக்க, முழு த்ராட்டிலில் காது கொடுங்கள். சத்தம் தொய்கிறதா? கொஞ்சம் திருப்பி விடுங்கள். பெட்ரோலில் கலந்த எண்ணெயை நம்பியிருக்கும் எஞ்சின், பெட்ரோல் குறைந்து காய்ந்தால் இறுகி நின்றுவிடும்.

அப்புறம், ஓர் அங்குலம் பெரிய ப்ரொப்பெல்லர் போட்டுப் பாருங்கள். இறங்கும்போது வேகம் பத்தில் ஒரு பங்கு கூடவே தெரியும். பயந்து த்ராட்டிலை மூடாதீர்கள். இத்தனை கம்பியும் தூணும் இழுக்கிற பைப்ளேன் கல் மாதிரி விழும்.